நாற்பத்தொன்று பதினேழுக்குச் சூடு பத்தலை

செம்பூரில் ஒரு பெட்ரோல் பம்பின் ஓரத்தில், டயருக்குக் காற்றடிக்கிற இடத்தை ஒட்டி, தகரக்கூரை போட்ட ஒரு பூத் இருந்தது. வண்டிப் புகையைச் சோதித்து பியூசி சீட்டு கொடுக்கிற பூத். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், புகை அளக்கிற மெஷின், ஒரு குட்டி மேஜை விசிறி. இத்தனைக்கும் நடுவில், துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிக் கட்டி, மூக்குக்கு மாஸ்க் போட்டு, அந்த அக்கா உட்கார்ந்திருப்பார். சீத்தா கேம்ப்பில் வீடு. வாப்பா ஊர் கடையநல்லூர் என்று ஒருமுறை சொன்னார்.

பேரை எழுதப் போவதில்லை. அவரே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டி நம்பரின் கடைசி நாலு எண்தான் அவருக்கு ஆள். பெரிய வக்கீல் ஒருவர் அங்கே வருவார். கோர்ட்டில் அவரைப் பார்த்து எத்தனை பேர் எழுந்து நிற்பார்களோ தெரியாது, இங்கே அவர் வெறும் ‘எழுபத்திரண்டு சைபர் நாலு’. நான் நாற்பத்தொன்று பதினேழு.

வண்டி வந்து நின்றதும் அவர் செய்கிற முதல் வேலை வேடிக்கையாக இருக்கும். சைலன்சர் பக்கம் போகமாட்டார். நேரே முன்னால் வந்து புறங்கையை பானட்டின் மேல் வைப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். அதற்கப்புறம்தான் குழாயை எடுத்துச் சைலன்சருக்குள் விடுவார். மெஷினில் எண் ஏறி இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். நின்ற எண் எதுவோ அதுதான் சீட்டில் வரும். உங்கள் முகத்தைப் பார்த்து அது மாறாது, உங்கள் அவசரத்தைப் பார்த்தும் மாறாது. மும்பையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு முன் நான் போய்க்கொண்டிருந்த பூத்தில் குழாயே கிடையாது. நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுப்பான், சீட்டு வரும், டீ குடித்துவிட்டு வரலாம். அந்தப் பூத்தை மூடிவிட்டார்கள், அதனால்தான் இவரிடம் வந்து மாட்டினேன்.

அவருடைய சொந்தத் தம்பி ஒரு பழைய கார் வாங்கி, பெருநாளன்று மாலை போட்டுக் கொண்டுவந்து காட்டியிருக்கிறான். “லாத்தா, எப்படி இருக்கு?” என்று கேட்டிருக்கிறான். எல்லா அக்காமாரும் ‘மாஷா அல்லாஹ்’ சொல்லி இனிப்பை வாயில் போடுவார்கள். இவர் பானட்டில் கை வைத்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “மூணுல ஒரு சிலிண்டர் வேலை செய்யல தம்பி” என்றாராம். ஒரு மாதம் அவன் பேசவில்லை. பிளக் ஒயரை மாற்றிய பிறகு வண்டி பறக்க ஆரம்பித்தது, பேச்சும் வந்தது. இதை அவர் சொல்லும்போது குரலில் பெருமையோ வருத்தமோ இல்லை. “சரியாயிட்டுன்னு நானா பொய் சொன்னா இன்ஜினுக்குப் புரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் ஏசி மெக்கானிக். தாராவியில் வீடு, மாட்டுங்காவிலிருந்து முலுண்டு வரை வேலை. சூடு என்றால் எனக்குப் பரம்பரை எதிரி. எங்கே சூடு இருந்தாலும் அதை வெளியே துரத்துவது என் தொழில். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பதை என் மனைவி ஒத்துக்கொள்ளமாட்டாள்.

வண்டி, எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சின்ன பெட்ரோல் கார். எழுநூற்றித் தொண்ணூற்றாறு சிசி, மூன்று சிலிண்டர். கூரைமேல் ஏணி, பின்சீட்டில் கேஸ் சிலிண்டரும் வேக்யூம் பம்ப்பும். அப்போதே பதினஞ்சு வருஷமாக என்னோடு இருந்த வண்டி. என் மகள் பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். இது நடந்த வருஷம் மே மாதத்தோடு அதன் பதிவு முடிகிறது. ஆர்டிஓவில் காட்டி பாஸானால் இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம், ஆகாவிட்டால் ஸ்கிராப். ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் எனக்கு வருஷம் முழுவதற்குமான சாப்பாடு. ஏணியையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏற முடியாது. இன்னொரு வண்டி வாங்குகிற நிலையில் நான் இல்லை.

“சீட்டு எங்க வேணாலும் வாங்கலாம்” என்றார் ஆர்டிஓ ஏஜெண்ட். “ஆனா அங்க நிப்பாட்டி அவங்களே திரும்பக் குழாய் போட்டுப் பாக்காங்க இப்ப. அதுல விழுந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

முதல் தடவை அக்காவிடம் போனது ஏப்ரல் மாத மத்தியானம். அவர் பானட்டில் புறங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

“எங்கேருந்து வாறீங்க அண்ணே?”

“தாராவிலேருந்து. சயன்ல டிராபிக்ல நின்னு, ஒரு மணி நேரமாச்சு.”

“ஒரு மணி நேரம் ஓடுன வண்டியா இது? சூடே இல்லையே.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வண்டியைப் பாராட்டுகிறார் என்றே நினைத்தேன். “நம்ம வண்டி சூடே ஆவாதுக்கா. நான் ஏசிக்காரன்லா, அப்படி செட் பண்ணி வச்சிருக்கேன்” என்றேன்.

அவர் குழாயைப் போட்டார். கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். என் வண்டி ஒன்று புள்ளி எட்டில் போய் நின்றது.

“பெயில்” என்றார். “வண்டிக்குச் சூடு பத்தல. தெர்மோஸ்டாட் வால்வு இருக்கா பாருங்க.”

எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. கோடைக்கால மும்பையில், நடுரோட்டில் பானட்டைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு எத்தனை வண்டி நிற்கிறது! அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, வண்டிக்குச் சூடு போதவில்லையாம். அதுவும் ஒரு ஏசி மெக்கானிக்கிடம்.

அந்த வால்வு என் வண்டியில் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். சில வருஷம் முன்னால் புனேக்கு ஒரு விசேஷத்துக்குப் போகும்போது கண்டாலா ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. அங்கே ஒரு மெக்கானிக், இன்ஜின் வாயில் இருந்த பித்தளைச் சாமானைக் கழற்றிக் கையில் கொடுத்து, “இதான் தண்ணியை நிறுத்தி வைக்கிறது, இனி வண்டி சூடாகாது” என்றான். நான் அதை வாங்கி, ஓங்கி, பள்ளத்தில் வீசினேன். சனியன் ஒழிந்தது என்று மனைவியிடம் சொன்னேன். அதோடு விட்டேனா? ரேடியேட்டர் ஃபேனை நேரடியாக ஒயர் இழுத்து, சாவி திருப்பினாலே சுற்றுகிற மாதிரி பண்ணினேன். ஊரில் இருக்கிற டிரைவர்களுக்கெல்லாம் உபதேசம் வேறு. “வால்வைக் கழத்திப் போடுலே, நிம்மதியா ஓட்டு” என்று சொல்லிச் சொல்லி, எங்கள் தெருமுனை வண்டி ஸ்டாண்டில் மட்டும் ஏழெட்டுப் பேர் கழற்றினார்கள். மும்பையில் பாதிப்பேர் செய்கிற காரியம்தான், நான் என்னவோ கண்டுபிடித்தவன் மாதிரி நடந்துகொண்டேன்.

ஆகவே அக்கா சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினேன். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று ஸ்டாண்டில் ஒருவன் சொன்னான். அதையும் கையில் எடுத்துக்கொண்டு இரண்டாம் தடவை போனேன்.

“பெட்ரோல் சரியில்லக்கா.”

“உங்களுக்குப் பின்னாடி நிக்காரே பன்னெண்டு நாப்பது, அவரும் இதே பெட்ரோல்தான் போட்டாரு. பாஸ்” என்றார். புறங்கையை வைத்தார். தலையை ஆட்டினார். குழாய் போட்டார். எண் போன தடவை நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. “அதே மார்க்கு. சூடு பத்தல அண்ணே. சொன்னேன்லா.”

கோபம் தலைக்கேறிவிட்டது. பம்ப் முதலாளியின் அறைக்குப் போய், உங்கள் பூத்தில் இருக்கிற அம்மா வேண்டுமென்றே பெயில் போடுகிறார் என்று புகார் சொன்னேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பொம்பிளை, அதுவும் வேலையைச் சரியாகச் செய்கிற பொம்பிளை, அவள் சோற்றில் கை வைக்கப் பார்த்தேன்.

முதலாளி வயதான குஜராத்திக்காரர். கடைசிவரை கேட்டார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். “என் காரையே ரெண்டு தடவை பெயில் பண்ணினவள்” என்று இந்தியில் சொன்னார். “‘நான் முதலாளி’ என்றேன். ‘மெஷினுக்கு முதலாளி தெரியாது சேட்’ என்றாள். மூன்றாம் தடவை கார்பரேட்டரைச் சரி பண்ணிக்கொண்டு போனேன். போய் அவள் சொன்னதைச் செய்.”

செய்யவில்லை. குர்லாவில் ஒரு கேரேஜுக்குப் போனேன். அந்த ஆள் இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்தான். மூடிக்கு உள்பக்கம் மஞ்சளாக, வெண்ணெய் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. உச்சுக் கொட்டினான். “ஹெட் கேஸ்கட் போயாச்சு. ஆயில்ல தண்ணி கலந்துட்டு. நாளைக்கு இன்ஜினை இறக்கணும். இறக்கிப் பாத்தாத்தான் இன்னும் என்னெல்லாம் போயிருக்குன்னு தெரியும். என்னைக் கேட்டா, ஸ்கிராப்புக்குக் கொடுத்துருங்க” என்றான்.

அன்று வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நேரே செம்பூருக்கு ஓட்டினேன். எதற்கு என்று கேட்டால், சண்டை போடத்தான். உன்னால்தான் என் வண்டி குப்பைக்குப் போகிறது என்று யாரிடமாவது கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவும் செய்தேன்.

அக்கா வரிசையில் நின்ற மூன்று வண்டிகளையும் கையைக் காட்டி நிறுத்தினார். வெளியே வந்து, பானட்டைத் திறக்கச் சொன்னார்.

“தண்ணி குறையுதா?”

“இல்ல.”

“தினம் பாக்கீங்களா?”

“தினம் பாக்கேன். ஒரு சொட்டு குறையல.”

“தண்ணி குறையாம ஆயில்ல எப்படித் தண்ணி வரும்? கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு.” ஆயில் மூடியைத் திறந்து அந்த மஞ்சளை விரலால் வழித்துக் காட்டினார். “இது வேர்வை. இன்ஜின் சரியாச் சூடானா உள்ள இருக்க ஈரமெல்லாம் ஆவியாப் போயிரும். இது சூடாவல, உள்ளேயே வேர்த்துக் கிடக்கு. நீங்க ஏசிக்காரர்தான? குளிர்ந்த இடத்துல வேர்க்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

அவர் இன்ஜின் பக்கம் கையைக் காட்டினார்.

“மேல் ஓஸைப் பிடிங்க.”

இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய். பிடித்தேன். வெதுவெதுப்பாக, குளிப்பாட்டத் தண்ணீர் வைத்த மாதிரி இருந்தது. குர்லாவிலிருந்து ஓட்டி வந்த வண்டி.

“அண்ணே, ஒண்ணு கேக்கேன். ஏசியில அந்தச் சன்னக் குழாய் இருக்கே, கேப்பிலரி. அது கேஸைப் பிடிச்சிப் பிடிச்சித்தானே விடுது? தடையா இருக்கேன்னு அதைக் கழத்திட்டு, பெரிய பைப் போட்டு ஓட்டுவீங்களா?”

“கழத்தினா எப்படிக் கூல் ஆவும்?” என்றேன், என்னை அறியாமல்.

“இதுவும் அதேதான்.”

அவ்வளவுதான் சொன்னார். இருபது வருஷமாக நான் செய்கிற வேலையை எடுத்து என் முன்னாலேயே வைத்துவிட்டார். கேஸை நிறுத்தி, அளந்து விட்டால்தான் ஏசி. தண்ணீரை நிறுத்தி, சூடான பிறகு திறந்து விட்டால்தான் இன்ஜின். வால்வு இல்லாமல், ஃபேனும் நிற்காமல் சுற்றினால், வண்டிக்கு எப்போதும் விடிகாலை. இப்போதுதான் எழுந்திருக்கிறேன் என்று நினைத்து அது பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அத்தனையும் எரியாமல் புகையாக வந்திருக்கிறது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

“அப்ப அன்னைக்குக் கண்டாலாவுல ஏன்க்கா கொதிச்சுது?”

“ரேடியேட்டருக்கு என்ன ஊத்துனீங்க?”

“குழாய்த் தண்ணி.”

“எத்தனை வருஷமா?”

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

“துரு அடைச்சிருக்கும். வால்வு பாவம், அது என்ன பண்ணும்? இந்த இன்ஜின் லேசில சாவாது அண்ணே. மூணு சிலிண்டர்தான். மூணு பேரு சேர்ந்து கட்டிலைத் தூக்குனா கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதுக்காவ அவங்களுக்குத் தெம்பு இல்லைன்னு ஆவுமா? கூலன்ட், ஆயில், பெல்ட், இதை நேரத்துக்குப் பாத்துக்கிட்டா போதும். போயி ரேடியேட்டரைக் கழுவுங்க. ஃபேன் ஒயரைப் பழைய மாதிரி ஆக்குங்க. புது வால்வை மாட்டுறதுக்கு முன்னாடி வெந்நியில போட்டுப் பாருங்க, தெறக்குதான்னு.”

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வரும் வழியில் வாங்கிய புதுப் பித்தளை வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஏசி வேலைக்கு வைத்திருக்கிற தெர்மாமீட்டரையும் உள்ளே விட்டேன். வால்வின் மேல் எண்பத்திரண்டு என்று பொறித்திருந்தது.

“என்னத்தப் போட்டு அவிக்கிய?” என்றாள் மனைவி.

“வண்டிக்கு மருந்து.”

அறுபது. எழுபது. ஒன்றும் நடக்கவில்லை. எண்பது. எண்பத்திரண்டு வந்ததும், யாரோ சொல்லிவைத்த மாதிரி, அது வாயைத் திறந்தது. மெல்ல, முழுசாக. மனைவி கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். “இதையா அன்னைக்குத் தூக்கி எறிஞ்சீங்க?” என்றாள். நான் அடுப்பை அணைத்தேன். ஆறியதும் அது தானாகவே மூடிக்கொண்டது. அதையும் நின்று பார்த்தேன்.

மறுநாள் ரேடியேட்டரிலிருந்து டீத்தூள் கலரில் தண்ணீர் வந்தது. கழுவினேன். கூலன்ட் ஊற்றினேன். ஃபேன் ஒயரைச் சரியாக்கினேன். வால்வை மாட்டினேன். ஆயில் மாற்றினேன். கிளப்பி ஓட்டியபோது, டாஷ்போர்டில் பல வருஷமாக அடியிலேயே படுத்துக்கிடந்த சூட்டு முள் எழுந்தது. எழுந்து ஏறிக்கொண்டே போனது. கண்டாலா ஞாபகம் வந்து, ஓரம் கட்டிவிடலாமா என்று பார்த்தேன். பாதியில் வந்து முள் நின்றது. சயன் நெரிசலில் இருபது நிமிஷம், வெளியே கொளுத்துகிற வெயில், முள் அசையவில்லை.

அக்கா பானட்டில் புறங்கையை வைத்தார். சடக்கென்று எடுத்துவிட்டார்.

மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். “இப்பத்தான் வண்டிக்கு உசிரு வந்திருக்கு” என்றார். குழாய் போட்டார். எண் ஏறியது, இறங்கியது, இன்னும் இறங்கியது. சைபர் புள்ளி இரண்டு. நான் பம்ப்புக்கு நடுவில் நின்று கைதட்டினேன். பெட்ரோல் போட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஆர்டிஓவிலும் குழாய் போட்டார்கள். அதே சைபர் புள்ளி இரண்டு. இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “பதினஞ்சு வருஷத்து வண்டியா?” என்று மராத்தியில் கேட்டு, கையெழுத்துப் போட்டார். அஞ்சு வருஷம். மாட்டுங்காவில் அல்வா வாங்கிக்கொண்டு நேரே செம்பூருக்குப் போனேன். டப்பாவை நீட்டினேன். அக்கா முதலில் பானட்டைத் தொட்டுப் பார்த்தார், அதற்கப்புறம்தான் அல்வாவைத் தொட்டார்.

“முதலாளிகிட்ட உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டேன்க்கா” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்” என்றார். “அல்வா நல்லாருக்கு.”

அடுத்த வாரம் எங்கள் ஸ்டாண்டிலிருந்து, என் பேச்சைக் கேட்டு வால்வைக் கழற்றிய அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு வண்டி வரிசையில் நின்றது. அக்கா ஒவ்வொன்றாகப் புறங்கை வைத்துக்கொண்டே வந்தார். சில்லு, சில்லு, சில்லு. கடைசியில் என் பக்கம் திரும்பி, “இத்தனைக்கும் நீங்கதான் டாக்டரா?” என்று கேட்டார். ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மாதத்துக்குள் ஏழும் பாஸ்.

இப்போது அந்தப் பூத் இல்லை. அந்த இடத்தில் கரண்ட் வண்டிக்குச் சார்ஜ் போடுகிற மெஷின் நிற்கிறது. அக்கா தானேக்கு அப்பால் ஒரு பெரிய வண்டிச் சோதனை நிலையத்தில் சூப்பர்வைசர் ஆகிவிட்டதாகப் பம்ப் முதலாளி சொன்னார். சொல்லும்போது அவருக்கே பெருமை. அங்கே எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம். இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு புறங்கை பானட்டில் போய் உட்காரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன மாதம் வேறொரு பூத்துக்குப் போயிருந்தேன். உள்ளே இருந்தவர் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார், எழுந்திருக்காமலே பிரிண்டர் பக்கம் கையை நீட்டினார். “ஹோ கயா அங்கிள்” என்றார், முடிந்துவிட்டதாம்.

“குழாயைப் போடு” என்றேன்.

“தேவையில்லை, பாஸ் போட்டுத் தருகிறேன்” என்றார் இந்தியில்.

“போட்டுப் பாரு. அப்புறம் சீட்டு அடி.”

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்து குழாயை விட்டார். எண்ணைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். பிறகு வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தார், கூரைமேல் இருக்கிற ஏணி உட்பட.

“புது இன்ஜின் போட்டீங்களா அங்கிள்?”

“பழசுதான்” என்றேன். “தொட்டுப் பாரு.”

அவர் உள்ளங்கையை வைக்கப் போனார். “அப்படி இல்லை” என்று சொல்லி, என் புறங்கையைத் திருப்பி, பானட்டின் மேல் வைத்துக் காட்டினேன். சுட்டது.